சவாரிச் சம்பளம்

“உவன் மகேஸ்வரன் ஒரு மனிசனே? தகப்பன்ரை வருத்தத்தைக் காட்டி என்ரை ஆட்டக்காரனை இழுக்கப் பாக்கிறான்!”

பத்மநாதன் போட்ட சத்தத்தில் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் மண்டபத்துக் கூரையில் கிடந்த பனி பொலபொலவென்று சரிந்து விழுந்தது.

அவன் சொன்ன ஆட்டக்காரன் ராகுலன். பத்மநாதனின் கூடைப்பந்து அணிக்கு உயிர்நாடி. ராகுலன் துள்ளினால் இறங்க நேரமெடுக்கும். அதற்குள் நாங்கள் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்போம். கூரைப்பக்கம் மிதந்தபடி, எந்தக் கூடை தன்னுடையது என்று ஆறுதலாக யோசித்துவிட்டுத்தான் பந்தைப் போடுவான்.

ரொறன்ரோவுக்குப் பெரிய கூடைப்பந்து அணி வந்த புதுசு அது. நாங்களும் விடவில்லை, தமிழ் அணிகளைச் சேர்த்து ஒரு லீக் தொடங்கிவிட்டோம். அங்கே சம்பளம் கோடிக்கணக்கில். எங்களிடம் கோடி எங்கே? ஆனால் சிலரிடம் கார் இருந்தது, பலரிடம் இல்லை, வெளியே பனி. ஆகவே எங்கள் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கார்ச் சவாரி. வேலைக்கோ கடைக்கோ கோயிலுக்கோ, அணித்தலைவர் கொண்டுபோய் விடவேண்டும்.

பெரிய வான் வைத்திருப்பவன் எல்லோரையும் அள்ளிவிடக் கூடாதே! லீக் செயலாளர் கல்யாணசுந்தரம் உச்சவரம்பு ஒன்று வைத்தார். அவர் திருச்சிக்காரர், கணக்காளர். மற்றவர்கள் கனவில் பறப்பார்கள். அவர் கனவில் விதிகளைத் திருத்துவார்.

“ஒரு டீமுக்கு வாரத்துக்குப் பத்து சவாரி. மேல ஒண்ணு குடுத்தாலும் பாயிண்ட் கட். ரெண்டாவது தடவைன்னா டீமே வெளிய.”

பல்வலியில் துடித்த ஒருவனை டொக்டரிடம் ஏற்றிப்போனதற்கே பத்மநாதன் ஒருமுறை புள்ளியை இழந்திருந்தான்.

இந்த நேரத்தில்தான் ராகுலனின் தகப்பன் அமிர்தநாதரை நகருக்கு வெளியே விட்பியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அவருக்கு எல்லாம் மறந்துபோயிற்று. மகன் போய்ச் சோறு தீத்தினால்தான் வயிறாரச் சாப்பிடுவார். சாப்பிட்டுவிட்டு, “தம்பி ஆற்றை பிள்ளை?” என்று மகனையே விசாரிப்பார். ராகுலனுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. ஞாயிறில் அந்தப் பக்கம் பஸ் இல்லை.

“அண்ணை, ஞாயிறு மட்டும் என்னை விட்பிக்குக் கொண்டுபோய் விடுவியளே?” என்று பத்மநாதனைக் கேட்டான்.

“ஏலாது. எங்கடை பத்தும் முடிஞ்சுது.”

அவ்வளவுதான். பத்மநாதன் திரும்பியும் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில், ஆட்டம் தொடங்க முன்னம், எதிரணித் தலைவன் மகேஸ்வரன் எழும்பினான். அவனுடைய ஆட்டக்காரர் இரண்டு பேர் கலியாணம் கட்டி விலகியதில் அவனிடம் சவாரி மிச்சமிருந்தது.

“ராகுலன் எங்கடை அணிக்கு வரட்டும். ஞாயிறு ஞாயிறு விட்பிக்குக் கொண்டுபோய், காத்து நிண்டு, திருப்பிக் கொண்டுவந்து விடுறன்.”

அதற்குத்தான் பத்மநாதன் அந்தச் சத்தம் போட்டான்.

கல்யாணசுந்தரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “கோவப்படாதீங்க மிஸ்டர் பத்மநாதன். ராகுலன் ஒப்பந்தம் முடிஞ்சவர்தான். ஆனா முழு சுதந்திரம் கிடையாது, முதல் உரிமை உங்களுக்கு. அவங்க குடுக்கிறத நீங்களும் குடுத்தா ஆள் உங்ககிட்டயே இருப்பார்.”

“என்ரை பத்தும் முடிஞ்சுதே!”

“நீங்களா ஏத்திக் குடுத்தாத்தான் தப்பு. வேற டீம் கேட்டு, அதுக்கு ஈடா நீங்க குடுத்தா உச்சவரம்பு பாக்கமாட்டோம். பெரிய லீக்லயே அப்படித்தான். குடுக்கிறீங்களா, விடுறீங்களா?”

பத்மநாதன் மேசையில் ஓங்கி அடித்தான். “குடுக்கிறன்! விட்பிக்கு நானே கொண்டுபோறன். என்ரை ஆளை ஒருத்தனும் தொடேலாது!”

ராகுலனின் முகம் மலரவில்லை. மனைவி ரதியிடம் சொன்னான். மண்டபம் முழுக்கக் கேட்டது.

“நான் கெஞ்சேக்கை ஏலாதெண்டார். இன்னொருத்தன் கேட்டாப் பிறகுதான் அப்பான்ரை பசி இவருக்குத் தெரியுது.”

“பசியோ? எரிச்சல்!” என்றாள் ரதி. “தான் தின்னாட்டிலும் மற்றவன் தின்னக்கூடாது.”

பத்மநாதன் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினான். கட்டிக்கொண்டே இருந்தான்.

மகேஸ்வரனுக்கும் மரியாதை கிடைக்கவில்லை. “ஆள்பிடிகாரன்!” என்று, ஆட்டங்களுக்குச் சிற்றுண்டி கொண்டுவரும் றோஸ்மேரி அன்ரி அவனுக்கு நீட்டிய ரோல்ஸ் தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்தது. நான் நடுவர், என் சவாரி எந்த அணியின் கணக்கிலும் சேராது. பத்மநாதனின் காரில் பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினேன். ஹீட்டர் சூடு சுகமாக இருந்தது. கண்ணாடிக்கு வெளியே பனி விழுகிறதா, நாங்கள்தான் காரோடு மெல்ல மேலே போகிறோமா என்று தெரியவில்லை. மாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. சென் ஜேம்ஸ் ரவுண் முழுவதும் பஞ்சுக்குள் போய்விட்டது.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். மகேஸ்வரன்.

“அண்ணை, பின்னாலை ஆள்?”

“பெரியவர். நல்ல நித்திரை.”

நானும் நடுவருக்குரிய நேர்மையோடு ஒரு குறட்டை விட்டேன்.

“சனம் என்னை ஆள்பிடிகாரன் எண்டுது. உங்களை எரிச்சல் பிடிச்சவன் எண்டுது. ராகுலனுக்கு மட்டுமாவது சொல்லிப்போடுவமே?”

“என்னத்தை?”

“அவனை உன்ரை அணிக்குக் கேள் கேள் எண்டு என்ரை வீடு தேடிவந்து கெஞ்சினது நீங்கள்தான் எண்டு.”

பத்மநாதன் கியரைப் போட்டான்.

“வேண்டாமடா. தெரிஞ்சா என்ரை காரிலை கூனிக் குறுகி இருப்பான். இப்ப தன்ரை சம்பளமெண்டு, என்னைத் திட்டித் திட்டி நிமிந்து இருந்து வருவான்.”