உன் இடத்தில் நானிருந்தால்

பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பில் அன்று அறிவுரை சொல்லும் பாடம். எல்லோரும் போன பிறகும் தையல்காரம்மா மட்டும் நோட்டை மூடவில்லை.

"டீச்சர், 'உன் இடத்துல நான் இருந்தா அவனை விட்டுப் போயிடுவேன்'னு எப்படிச் சொல்லணும்?"

"இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் லீவ் ஹிம்."

அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, வாய்க்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார்.

"யாருக்கும்மா இந்தப் புத்திமதி?"

"என் மருமகளுக்கு. அவளுக்குத் தமிழ் தெரியாது."

ஆசிரியைக்குச் சுருக்கென்றது. மகன் குடும்பத்தைக் கெடுக்கவா இந்த வயதில் இங்கிலீஷ் படிக்கிறார்?

"சேர்ந்து வாழறவங்களைப் பிரிக்கலாமாம்மா?"

"போன வாரம் அவ கையை உடைச்சிட்டான் டீச்சர். அவனைப் பெத்தவ நானே சொன்னாத்தான் அவ துணிஞ்சு கிளம்புவா."

அந்த அம்மா பேனாவை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

"'நானும் உன்கூட வரேன்'ங்கிறதையும் சொல்லிக் குடுத்துடுங்க."