மரை போன போல்ட்டு

போல்ட்டு சுற்றியது. பிடிக்கவில்லை.

இன்னும் ஒரு சுற்று. இன்னும் ஒன்று. சும்மா சுற்றியது.

மரை போய்விட்டது.

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார் அவர். முகத்துக்கு நேர் மேலே ஆயில் சேம்பர். அதன் ஆயில் வடிக்கிற ஓட்டையில் அந்தப் போல்ட்டு. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். விரலை எடுத்தால் போல்ட்டு விழும். இப்போதுதான் ஊற்றின புது ஆயில் மொத்தமும் மண்ணுக்குப் போகும். இருந்த ஒரே தட்டில் பழைய ஆயில் நிரம்பிக் கிடந்தது.

வண்டியின் முன்பக்கம் ஒற்றை ஜாக்கியில் நின்றது.

வாசலில் செருப்புச் சத்தம்.

தம்பி நாச்சிமுத்து. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வந்துவிடுவான்.

வண்டி செத்துப்போன அப்பன் பேரில் இருக்கிறது. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் கேஸ் நடக்கிறது. அது முடிகிறவரைக்கும் வண்டி ஒரு வாரம் அண்ணனிடம், ஒரு வாரம் தம்பியிடம். வக்கீல்கள் பேசி வைத்த ஏற்பாடு. ஆறு வருஷமாகச் சாவி மட்டும்தான் கை மாறுகிறது. ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்ப்பதில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் சுவரிடம் சொல்லுவார்கள்.

"மணி பத்தாயிப் போச்சுன்னு இந்த வண்டிகிட்ட யாராச்சும் சொல்லுங்கப்பா," என்றான் நாச்சிமுத்து, பானெட்டைப் பார்த்து.

"மரையைக் கெடுத்தவனைத்தான் கேக்கோணும்," என்றார் அவர், ஆயில் சேம்பரைப் பார்த்து.

செருப்பு நகர்ந்தது. ஜாக்கிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

கீழே கிடப்பவருக்கு இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது. ஒரு பாதம் செருப்பிலிருந்து கழன்று, ஜாக்கியைத் தொட்டுப் பார்த்தது.

வெளியே வந்துவிடலாம். ஆயில் போனால் போகிறது. ஆனால் பயந்து ஓடி வந்தான் என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்லுவான். ஒரு வருஷத்துக்குச் சொல்லுவான்.

வரவில்லை.

போல்ட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

வண்டி கைக்கு வந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, அடியில் படுத்து இந்தப் போல்ட்டை ஒரு முடுக்கு முடுக்குவதுதான். அவன் தளர்த்தி வைத்திருப்பான். நடுரோட்டில் ஆயில் கொட்டி இஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளட்டும் என்று வைத்திருப்பான். அதனால் ஸ்பேனரில் ஒரு குழாயை மாட்டி, மூச்சைப் பிடித்து, ஒரு முடுக்கு.

இன்றைக்குத்தான் அதன் தலையைக் கிட்டத்தில் பார்க்கிறார்.

பைப்பு ரெஞ்சின் பல் பதிந்த தழும்பு. ஒன்று இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக நிறைய.

அவரிடம் பைப்பு ரெஞ்சு கிடையாது.

பல் எந்தப் பக்கம் கடித்திருக்கிறது என்று பார்த்தார். கழற்றுகிற பக்கம் இல்லை.

முடுக்குகிற பக்கம்.

நம்பாத பயல்.

பின்னால் டிக்கி திறந்தது. வண்டி ஆடியது. ஜாக்கி முனகியது. ஸ்டெப்னியின் நட்டு கழலுகிற சத்தம் கேட்டது.

"ஸ்டெப்னியிலயும் ரெண்டு பேருக்கும் பாத்தியம் இருக்குதுன்னு சொல்லு," என்றார் ஆயில் சேம்பரிடம். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.



டயர் உருண்டு வந்தது. ஜாக்கிப் பக்கத்தில் சாய்ந்து, மண்ணில் படுத்தது. பிறகு ஒரு கை அதை வண்டிக்கு அடியில் தள்ளியது. அவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

இனி ஜாக்கி நழுவினால் வண்டி டயர்மேல்தான் உட்காரும்.

நாச்சிமுத்து குனிந்தான். ஆறு வருஷத்து நரையோடு அவன் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"செத்துக்கித்துத் தொலைஞ்சிராத. பதினாலாந் தேதி வாய்தா இருக்குது."

"பதினாறு," என்றார் அவர்.

முகம் மேலே போய்விட்டது.

ஒரு கால் வந்து, டயரை இன்னும் ஒரு சாண் உள்ளே உதைத்தது.