மூத்தவள் கேட்ட சோறு

அமாவாசைதோறும் பங்கஜத்தின் உடம்பில் மூத்தவள் இறங்குகிறாள் என்று ஆம்பூரில் அந்தத் தெருவே நம்பியது.

மூத்தவள் என்பவள் காசிநாதனின் முதல் மனைவி செண்பகம்; பாலாற்று வெள்ளத்தோடு போனவள். பங்கஜம் இரண்டாம் தாரம்.

மற்ற நாள்களில் பங்கஜத்துக்கு ஒரு குறையும் இல்லை. அமாவாசை, கிருத்திகை வந்தால்தான் வயிறு பானைபோல் உப்பும். கை கால் சில்லிடும். பேச்சு பாதியில் அறுந்து, விழி சுவரில் நிலைகுத்தும்.

அவை விரத நாள்கள், இரவில் சோற்றுக்குப் பதில் கோதுமை தோசை என்று தெரிந்ததும், வேலூர் டாக்டர் குடலில் துணுக்கெடுத்துச் சோதித்தார். கோதுமையால் வரும் குடல்நோய் இல்லை என்று முடிவு வந்தது.

"அந்த நோய் இல்லன்னுதான் டெஸ்ட் சொல்லுது. வலி பொய்யின்னு சொல்லல. கொஞ்ச நாள் கோதுமையை நிறுத்திப் பாருங்க" என்றார் டாக்டர்.

மாமியார் தாயாரம்மாள் அதை வீட்டில் சொன்னாள். மாமனார் ஆதிகேசவன் சீறினார்.

"டெஸ்டுல ஒண்ணுமில்லன்னா இது மூத்தவ வேலைதான்! அமாவாசை ராத்திரி சோறு ஆக்கறதா? இந்த வாட்டி பூசாரி வேப்பலையால சாத்தட்டும். அப்பவும் போகலன்னா, இவளை அம்மா ஊட்டுக்கே அனுப்பிடு!"

"சரி நைனா" என்றான் காசிநாதன், தலை நிமிராமல்.

"பூசாரிக்கு நானே சொல்லி வைக்கிறேன்" என்றாள் தாயாரம்மாள்.

அடுத்த வீட்டுப் பில்கிசுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாக்கா, மருமகளை அடிக்க நீயே ஆள் தேடறியா?"

தாயாரம்மாள் பூசாரி வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அமாவாசை. தோல் பதனிடும் டேனரியின் சங்கு ஊதி ஓய்ந்தது. மின்சாரம் போயிருந்தது. பச்சைத்தோல் வாடையோடு காற்று புகுந்து விளக்கைச் சாய்த்தது. பூசாரி வேப்பிலையோடு காத்திருந்தான். பங்கஜத்தின் முன் கோதுமை தோசை.

திடீரென்று தட்டு பறந்து சுவரில் மோதியது.

"மாமோவ்!"

எல்லாரும் திரும்பினார்கள். அவிழ்ந்த தலைமயிரோடு தாயாரம்மாள் நின்றாள். மருமகள் மாமனாரைக் கூப்பிடுவதுபோல் கட்டிய கணவரையே 'மாமா' என்று அழைத்த அந்தக் குரல் அவளுடையதாக இல்லை.

"பசியோட வெள்ளத்துல போனேன் மாமா! எனக்குச் சோறு வேணும்! இவ வாயாலதான் துண்ணுவேன்! இந்த ஊட்ல கோதுமை வெந்தா, ஒருத்தரையும் உடமாட்டேன்!"

பூசாரியின் கையிலிருந்து வேப்பிலை நழுவியது. ஆதிகேசவன் தம் மனைவியின் காலிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

அன்று சோறு வெந்தது. பங்கஜம் உண்டாள், விடியும்வரை அயர்ந்து உறங்கினாள். அடுத்த கிருத்திகையும் அமாவாசையும் அப்படியே கடந்தன. வயிறு உப்பவில்லை, சொல் அறுபடவில்லை.

ஆனாலும் பங்கஜத்துக்கு அச்சம் தீரவில்லை. அடுப்படியில் மெல்லக் கேட்டாள்: "அத்தே, அக்கா இன்னும் உங்க மேல வர்றாங்களா?"

தாயாரம்மாள் அரிசியைக் களைந்துகொண்டே சொன்னாள்:

"உங்க மாமா கோதுமை வாங்கினு வந்தா வருவாடி. இந்த மனுசன் உயிரோட இருக்கிறவ வலின்னா நம்பமாட்டேங்கறான். செத்தவ பசின்னா நம்பறான். நான் வேற இன்னா பண்றது?"