மாப்பிள்ளைக்கு வைத்த சேவல்

"கழுத்தை அமுக்கிப் பிடிங்க, துள்ளுது பாருங்க!" என்றாள் நாச்சம்மாள்.

அவள் புருஷன் மல்லப்பன் கறுப்புக் கோழியை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டார். பக்கத்துக் கல்லின்மேல், புதிதாகத் தீட்டிய கத்தி வெயிலில் பளபளத்தது.

கத்தியைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள், கண்ணுகளா. அதற்கு வேலை நாளைக்குத்தான். அதுவும் கோழிக்கு இல்லை, சிவப்புச் சேவலுக்கு. தசரா ஊர்வலம் பார்க்க ஹனூரிலிருந்து மாப்பிள்ளை கெம்பையன் வருகிறார். அத்தனை தூரம் வருகிற மாப்பிள்ளைக்கு வீட்டுச் சேவலை அடித்துக் குழம்பு வைக்காவிட்டால் மாமனாருக்கு முகம் ஏது?

இன்றைக்கு நடப்பது வைத்தியம். காலையில் கூட்டைப் பெருக்கும்போது எச்சத்தில் புழுவைப் பார்த்தாளாம் நாச்சம்மாள். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி, மாட்டாஸ்பத்திரி டாக்டர் நரசிம்மமூர்த்தியைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

டாக்டர் ஐயங்கார். கோழியைத் தொட்டால் இன்னொரு தடவை குளிக்க வேண்டும். அதனால் வைத்தியம் முழுக்க வேலிக்கு அந்தப் பக்கம், சைக்கிளைப் பிடித்தபடியேதான்.

"மெல்ல, மெல்ல! நாக்குக்குப் பின்னால வைங்கோ. மூச்சுக்குழாய்ல போயிடப் போறது."

கேழ்வரகு மாவில் சிவப்புப் பொடியைப் பிசைந்த உருண்டையைக் கோழி விழுங்கிவிட்டு எல்லோரையும் முறைத்தது.

"ஏஞ்சாமி," என்றார் மல்லப்பன், "கோழிக்கெல்லாமா ஆஸ்பத்திரி மருந்து? என் புகையிலையில ஒரு கிள்ளு போட்டா ஆகாதா?"

"நூல் மாதிரி நீளமா இருக்குமே, அந்தப் புழுவுக்குத்தான் புகையிலை. அளவு தப்பித்தோ, புழுவோட கோழியும் போயிடும். இது நாடாப்புழு. எச்சத்துல அரிசி அரிசியா துண்டு கிடந்ததே, நீங்க பார்க்கலியா? இதுக்குக் கபிலப்பொடிதான் மருந்து."

"எச்சத்தைக் குனிஞ்சு பாக்கறதா சாமி எனக்கு வேலை? அதெல்லாம் அவ பாத்துக்குவா."

"வெறும் வயித்துல குடுத்தாத்தான் புழு பிடியை விடும். ராத்திரி தீனி போடலியே?"

"நேத்துப் பொழுது சாயவே அடைச்சிட்டனுங்க சாமி. ஒரு மணி கூடப் போடலீங்க," என்றாள் நாச்சம்மாள்.

"பேஷ்."

கோழிகள் எல்லாம் முடிந்தன. கடைசியில் சேவல். அது மல்லப்பனின் கையைப் பிறாண்டி, வேட்டியைக் கிழித்து, இரண்டு சுற்று ஓடவிட்டுத்தான் பிடிபட்டது.

"யுகாதிக்கே குழம்பாகியிருக்க வேண்டிய பய இவன்! கால் வீக்கம்னு தப்பிச்சிட்டான். நாளைக்கு எப்படித் தப்பிக்கறேன்னு பாக்கறேன்டா."

"சனியன்! விடியறதுக்கு முன்னாலயே கத்தித் தூக்கத்தைக் கெடுக்குது. நாளையோட ஒழியட்டும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டே அதன் அலகைத் திறந்து உருண்டையைத் தள்ளினாள் நாச்சம்மாள்.

சேவல் விழுங்கியது. டாக்டர் சைக்கிளைத் திருப்பினார்.

"கழியற புழுவையெல்லாம் அள்ளி எரிச்சுடுங்கோ, பூச்சி கிட்ட விடாதீங்கோ. அப்புறம், இன்னொண்ணு. மருந்து சாப்பிட்ட உடம்பு. தீபாவளி வரைக்கும் முட்டையும் கூடாது, கறியும் கூடாது."

மல்லப்பனின் பிடி தளர்ந்தது. சேவல் துள்ளிக் கல்லின்மேல் ஏறி, கத்தியைக் கீழே தள்ளிவிட்டுக் கூவியது.

"சாமி! இதை மொதல்லயே சொல்லியிருக்கப்படாதா?"

"நீங்க கேக்கலியே."

நாச்சம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ! மாப்பிள்ளை மொகத்துல எப்படி முழிப்பேன்! அவருக்குன்னே வளர்த்து வெச்சனே! பருப்பும் சாத்தமுதும் திங்கறவருக்கு நம்ம வேதனை எங்க தெரியப் போகுது!"

டாக்டர் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டு நின்றார். மல்லப்பனுக்குத்தான் சங்கடமாகப் போயிற்று.

"பெரிய மனுசரை வையாதே புள்ள. நம்ம நல்லதுக்குத்தானே சொன்னாரு? நான் போயி நல்ல ஆட்டுக்கறியா வாங்கியாறேன். மாப்பிள்ளைக்கு நானே சொல்லிக்கறேன். நீ அழுவாதே."

கத்தியை எடுத்துக் கூரையில் செருகினார். பையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவருடைய செருப்புச் சத்தம் தெருமுனையில் தேயும் வரை நாச்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்தாள். சேவலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கலைந்திருந்த இறகை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

டாக்டர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். வேலிமேல் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தீபாவளிக்கு என்ன வியாதி, நாச்சம்மா?"