நெஞ்சுப் பாக்கெட்

அம்மா தைத்துக் கொடுத்த கோட்டை மகள் பிரித்துக்கொண்டிருந்தாள். அதுவும் வேலைக்குச் சேரும் முதல் நாள் காலையில், கிளம்ப வேண்டிய நேரத்தில்.

"நான் அப்பவே சொல்லல, அண்ணி?" என்று ஆரம்பித்தாள் அத்தை. விடிந்தும் விடியாததுமாக, தன் மகள் போட்டுக் கழித்த கோட்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"பெரிய ஆபீஸ்ல ஆபீசரா உக்காரப் போற பொண்ணு. அவளுக்குப் போய் அண்ணனோட பழைய யூனிஃபார்மை வெட்டித் தைச்சுக் குடுத்திருக்கீங்களே! சிக்கனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?"

அம்மாவின் கண் மகளின் கையிலேயே இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, பார்த்துப் பார்த்துத் தைத்திருந்தாள். அப்பா வாட்ச்மேனாக இருந்தபோது போட்ட கனத்த நீலக் கோட்டு அது. தையல் எல்லாவற்றையும் பிரித்து, மகளின் அளவைப் பழைய செய்தித்தாளில் வெட்டி எடுத்து, தேய்ந்துபோன சோப்புத் துண்டால் துணியில் கோடு போட்டாள். உள்ளே கொடுத்திருந்த லைனிங், கம்பி ஒடிந்த குடையின் துணி. தோள் நிமிர்ந்து நிற்கக் காரணம் ஒரு பழைய தலையணை. வெயிலில் வெளுத்த அந்த நீலம்கூட, வேண்டுமென்றே தேடிப் பிடித்த நிறம் மாதிரி இருந்தது. முடித்துக் கதவில் மாட்டியதிலிருந்து அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. போகும்போதும் வரும்போதும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தக் கோட்டின் நெஞ்சுப் பாக்கெட்டைத்தான் இப்போது மகள் பிரித்துக்கொண்டிருந்தாள். பழைய டூத்பிரஷ் காம்பில் பாதி பிளேடைச் சொருகி அம்மா செய்து வைத்திருந்த கருவியாலேயே.

"பாக்கெட் கோணலா இருக்கா கண்ணு?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா."

"தையல் வெளிய தெரியுதா?"

"தையல் அருமையா இருக்கு."

"அப்புறம் ஏன்டி பிரிக்கிற?"

"இதைக் கேக்கணுமா அண்ணி? போட்டுக்க வெக்கமா இருக்கு. உங்க மனசு நோகுமேன்னு வாயால சொல்ல மாட்டேங்கறா." அத்தை பையைத் திறந்தாள். "இந்தா கண்ணு, இதைப் போட்டுக்க. என் பொண்ணு ரெண்டொரு தடவைதான் போட்டா. கடைச் சரக்கு, பாத்தாலே தெரியும்."

வாசலில் உட்கார்ந்து மகளின் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

"அத்தை குடுக்கறதையே போட்டுக்கோம்மா. அதுதான் நல்லது. நான் அந்த வாசல்ல போட்டுக்கிட்டு நின்ன கோட்டுன்னு யாராவது கண்டுபிடிச்சிட்டா, முதல் நாளே உன்னை மட்டமா பாப்பாங்க. நான்கூடத் தெருமுனை வரைக்கும்தான் வருவேன்."

ஆமாம், அப்பா வாட்ச்மேனாக நின்ற அதே ஆபீஸ்தான். மகளுக்கு அங்கே வேலை கிடைத்தது என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எப்படிம்மா இருக்கு?" என்பதுதான். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தக் கதவைத் திறந்துவிட்டே தலை நரைத்தவர். உள்ளே வா என்று அவரை யாரும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

மகள் அடுத்த தையலுக்குப் போனாள்.

அப்போதுதான் அம்மா அதைக் கவனித்தாள். பிடிக்காமல் பிரிக்கிற கை பிடித்து இழுக்கும், கிழித்தாலும் கவலைப்படாது. இவளோ அங்கங்கே ஒரு தையலை மட்டும் அறுத்து, நூலை நோகாமல் உருவி, தீக்குச்சி ஒன்றில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிரித்த நூலை வீணாக்காத இந்தப் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது.

கடைசித் தையலும் விட்டது. பாக்கெட் கையோடு வந்தது.

அதன் அடியில் கட்டம் கட்டின மாதிரி கருநீலமாக ஒரு தடம். சுற்றிலும் கோட்டு முழுக்க வெளுத்திருக்க, அங்கே மட்டும் நீலம் புதுசாக இருந்தது. வாட்ச்மேன் என்று எழுதிய அப்பாவின் துணிப் பட்டை தைத்திருந்த இடம். எத்தனை வெயிலில் நின்றாலும் அங்கே மட்டும் வெயில் பட்டதில்லை.

அப்பா ஷூவைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"என்னம்மா பண்ணிட்ட! அதை மறைக்கணும்னுதானே உங்கம்மாகிட்ட அங்க பாக்கெட் வைக்கச் சொன்னேன்! அந்தத் தடத்தைப் பாத்தா கேட்டுல இருக்கறவனுக்கே தெரிஞ்சிடுமே, நீ வாட்ச்மேன் பொண்ணுன்னு!"

"தெரியட்டும்னுதாம்ப்பா பிரிச்சேன்."

மகள் பாக்கெட்டையும் நூல் சுற்றிய தீக்குச்சியையும் அம்மாவிடம் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் கீழ இறக்கித் தைச்சுக் குடும்மா. பேனா வைக்க எனக்குப் பாக்கெட் வேணும்." பிறகு அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க கோட்டும் வீணாப் போகாது அத்தை. அம்மாகிட்ட குடுத்துட்டுப் போங்க. பழைய துணின்னா அவங்க விடவே மாட்டாங்க."

அத்தை பையைப் பட்டென்று மூடினாள்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கண் கலங்கியதில் ஊசிக் காது தெரியவில்லை, மகள்தான் நூல் கோத்துக் கொடுத்தாள். பாக்கெட் கீழே இறங்கியது. கோட்டை மாட்டிக்கொண்டு அவள் கண்ணாடி முன் நின்றபோது, நெஞ்சில் அந்தக் கருநீலத் தடம் பளிச்சென்று தெரிந்தது.

அப்பா ஷூவை எடுத்து வந்து அவள் காலடியில் வைத்தார். "சரி, நேரமாச்சு. வா, தெருமுனை வரைக்கும் வரேன்."

"தெருமுனையோட விட்டா எப்படி? போய் நல்ல சட்டையா ஒண்ணை எடுத்து மாட்டிக்கிட்டு வாங்கப்பா. சர்வீஸ் பூரா நீங்க ஊருக்கெல்லாம் திறந்துவிட்டீங்களே, அந்தக் கண்ணாடிக் கதவு... இன்னிக்கு அதை உங்களுக்கு நான் திறந்துவிடறேன்."