மூன்றாவது சுற்றின் வளைவு

கணவனுடைய வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகத்தை நம்ப முடியாது. நேற்றுவரை, வலியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொன்ன முகம் அது. கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மூன்றாவது சுற்றின் வளைவில் தானாகவே விலாவுக்குக் கீழே போய் அழுத்திக்கொள்ளும்.

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் தேர்வு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். ஏழு நிமிடம். போலீஸ் வேலைக்கு அவனுக்கு இதுதான் கடைசி வயது.

வலி வந்த நாள்களில் ஏழு இருபது ஆகியிருக்கிறது.

பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. துணியில் ஓட்டை விழுந்தால், பின்னும் மெஷினில் எந்த ஊசி என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். ஒன்றை மாற்ற வேண்டும். ஓட்டிப் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் அடுத்தது.

கம்பெனி நர்ஸும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கத்தான் சொன்னார். ஓடும்போது வயிறு ஏன் பிடிக்கிறது என்பதன் முழுக் காரணம் இன்னும் யாருக்கும் தெரியாதாம்.

பயிற்சிக்குப் போகும் காலைகளில் முதலில் இட்லியை நிறுத்தினாள். நிறைந்த வயிறு ஒவ்வோர் அடிக்கும் உள்ளே குலுங்கும், இழுக்கும்.

கை விலாவுக்குப் போனது.

பாலை நிறுத்தினாள்.

போனது.

மேல்மூச்சு வாங்கினால் விலாவுக்கு அடியிலிருக்கும் மூச்சுத் தசை களைத்துப்போகும். இரண்டு அடிக்கு இழுத்து, இரண்டு அடிக்கு விடச் சொல்லிக்கொடுத்தாள்.

கொஞ்சம் தாமதமாகப் போனது. அவ்வளவுதான்.

மிச்சம் ஒன்றே ஒன்று. கிளம்பும்போது அவளே நீட்டும் குளுக்கோஸ் தண்ணீர். தெம்பாக ஓடட்டும் என்று மூன்று கரண்டி தூக்கலாகப் போடுவாள். அத்தனை இனிப்பு வயிற்றைவிட்டுச் சீக்கிரம் இறங்காது.

இத்தனை நாளும் அந்த ஊசி அவள் கையில் இருந்திருக்கிறது.

இன்று அதே பாட்டில். வெறும் தண்ணீர். தேர்வு நாளில் அவன் மனதைக் கலைக்க வேண்டாமென்று, மாற்றியதை அவனிடம் சொல்லவில்லை.

முதல் மிடறில் அவன் ஒரு கணம் நிறுத்தினான்.

அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

இன்னொரு மிடறு குடித்துவிட்டு, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து உள்ளே போனான்.

மூன்றாவது சுற்று.

இரண்டு அடிக்கு இழுத்தாள். இரண்டு அடிக்கு விட்டாள்.

"ஏனுங்க்கா, ஓடறது உங்கூட்டுக்காரரு. மூச்சு வாங்கறது நீங்களா?" வேலியோரம் நின்ற இன்னொருத்தி சிரித்தாள்.

வளைவு வந்தது.

கை முன்னே வந்தது. பின்னே போனது. முன்னே வந்தது.

ஏழு நிமிடம் முடிந்ததும் கோட்டின் குறுக்கே கயிறு பிடித்தார்கள். அதற்கு முன்பே அவன் தாண்டியிருந்தான்.

வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உன்ற குளுக்கோஸ் தண்ணிதான் புள்ள, இழுத்துட்டுப் போயிருச்சு."

அவள் வாய் திறப்பதற்குள் பாட்டிலை வாங்கி, மிச்சத்தையும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டான்.

பிறகு உதட்டை நாக்கால் ஒருமுறை துழாவினான்.

இனித்ததைப் போல.