சாம்பிளுக்குப் போன கேஸ்கெட்

லாரி எஞ்சினில், புகையைத் திருப்பி அனுப்பும் வால்வுக்கும் குழாய்க்கும் நடுவே எட்டு வருஷமாக நசுங்கிக் கிடந்தது, கசிவை அடைக்கும் ஒரு கேஸ்கெட் தகடு. அதன் ஓரம் வெடித்துப் புகை கசிந்ததும், மெக்கானிக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சீக்கிரம் வந்துடு," என்றது வால்வு.

"வைத்தியத்துக்குத்தான் கூட்டிட்டுப் போறாங்க. வந்துடுவேன்."

ஸ்பேர்பார்ட்ஸ் கடையில், "இதே மாதிரி ஒண்ணு குடுங்க," என்றார் மெக்கானிக். கடைக்காரர் கம்பியில் கோத்திருந்த கத்தையிலிருந்து ஒன்றை உருவி, பழசின் மேல் வைத்து ஓட்டைகள் பொருந்துகிறதா என்று பார்த்தார். தன்னைப் போல் இத்தனை பேரா என்று கேஸ்கெட் விக்கித்துப் போனது. புதுசு பைக்குள் போனது. பழசு குப்பைக்கூடைக்குள் விழுந்தது.

சாயங்காலம் லாரி அந்தக் கடையைத் தாண்டிப் போனது. பொட்டுப் புகைகூடக் கசியவில்லை.

"நீ வந்துடுவேன்னு எனக்குத் தெரியும்!" என்று வால்வு கொஞ்சுவது கூடைவரை கேட்டது.